முகவரியைக் கடைசியிலிருந்து படியுங்கள்

பட்டுக்கோட்டையில் 16 வருடமாக கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். போன மாதம் ஓர் அக்கா, மகனுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பித்த ரசீதோடு வந்தார். சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1500 ரூபாய். அவர் செல்போனில் கட்டியிருந்ததோ 3500. "சிங்க முத்திரை போட்டிருந்துச்சு தம்பி, பூட்டுப் படமும் இருந்துச்சு" என்றார். அந்தத் தளத்தின் முகவரி டாட் ஆர்க் என்று முடிந்தது. அசல் தளம் பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்து புகார் கொடுத்தோம்.

முத்திரையை எவரும் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். பூட்டுப் படம், நாம் அனுப்புவதை நடுவழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். வாங்குகிறவன் யோக்கியனா என்று சொல்லாது. ஜிஓவி டாட் இன் என்ற முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். காம், ஆர்க், வெறும் இன் எல்லாம் பணம் கட்டுகிற யாருக்கும் கிடைக்கும். இன் என்று முடிந்தாலே அரசுத் தளம் என்று நம்புகிறவர்களை தினமும் பார்க்கிறேன்.

தபால் பிரிப்பவர் கடைசி வரியில் உள்ள ஊரையும் பின்கோடையும்தான் முதலில் பார்ப்பார். இணைய முகவரியையும் அப்படித்தான் படிக்க வேண்டும். தளத்தின் பெயர் முடிந்து சாய்கோடு வருகிற இடத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள். நடுவில் ஜிஓவி டாட் இன் என்று இருந்து, அதற்குப் பிறகு வேறொரு பெயரும் காமும் வந்தால், அது அந்த வேறொருவரின் தளம். செல்போனின் சின்னத் திரையில் அந்த வால் கண்ணில் படாமலே போய்விடுகிறது.

வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க் டாட் இன் முடிவுக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி அல்லாதவர்களுக்கு அந்த முடிவு கிடைக்காது. இந்தக் கண்டிப்பை அரசு தன் சொந்த நிறுவனங்களிடமும் காட்ட வேண்டும். ரயில் டிக்கெட் எடுக்கும் தளம் கோ டாட் இன் என்று முடிகிறது. நம் மின்வாரியத்தின் தளமோ டாட் ஆர்க். இரண்டுமே அசல், இரண்டு முடிவுகளையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

நேற்று அதே அக்கா கரண்ட் பில் கட்ட வந்தார். திரையைக் கவனித்தவர், "இதுவும் ஆர்க்னுதானே முடியுது தம்பி?" என்று கையிலிருந்த பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இது நிஜத் தளம்தான் என்று நான் சொன்ன பிறகுதான் கொடுத்தார்.