பிரசர் மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா?

பிரசர் மாத்திரை எடுக்கும் தொழிலாளர்கள் இன்று தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். கிளினிக் நாளில் பிரசர் பார்த்து, கொப்பியில் எழுதி, மருந்தும் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆனால் "இந்த மருந்தோடு உங்களால் வேலை செய்ய முடிகிறதா, தொடர்ந்து எடுக்க முடிகிறதா?" என்று யாரும் கேட்பதில்லை. இதை முறையாகக் கேட்டுப் பதிலைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இது நடக்காத காரியமல்ல. மருந்தைப் பற்றிய நோயாளியின் திருப்தியை அளப்பதற்கென்றே ஒரு வினாத்தாள் 2004இல் வெளியானது. அதில் 14 கேள்விகள். மருந்து பலன் தருகிறதா, பக்கவிளைவு உண்டா, எடுப்பது வசதியா, மொத்தத்தில் திருப்தியா என்று நான்கு விதமாக விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை புள்ளி போடுகிறார்கள்.

இந்த நான்கையும் நமது மலைகளில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பலன். பிரசர் கூடினாலும் பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. 140/90க்கு மேல் நின்றால் உயர் இரத்த அழுத்தம் என்பதையும், கொப்பியில் உள்ள தன் எண் என்ன சொல்கிறது என்பதையும் தொழிலாளிக்கு விளக்காமல் "பலன் உண்டா?" என்று கேட்டுப் பயனில்லை. தலைசுற்று இல்லையே என்று மாத்திரையை நிறுத்துகிறவருக்குப் பக்கவாதமும் மாரடைப்பும் வரக்கூடிய ஆபத்து கூடுகிறது.

இரண்டாவது, பக்கவிளைவு. ஹைட்ரோகுளோரோதையசைட் போன்ற மாத்திரை அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும். அதைக் காலையில் எடுக்கச் சொல்வது வழக்கம். கொழுந்து மலையில் மலசலகூடம் இல்லாவிட்டால் ஒரு பெண் என்ன செய்வார்? வேலை நாளில் மாத்திரையை விடுவார், அல்லது தண்ணீர் குடிக்காமல் இருப்பார். அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கம் தரும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். சொன்னால், வைத்தியர் மருந்தையோ அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம்.

மூன்றாவது, வசதி. கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடுகிறது. அங்கே மருந்து இல்லையென்றால் வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டும். மருந்து உறையில் சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்தால், நாம் படிப்பிக்கும் பிள்ளைகள்தான் பாட்டிமாருக்கு வாசித்துச் சொல்கிறார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. அது மருந்து உறைக்கும் பொருந்த வேண்டும்.

நான்காவது, மொத்தத் திருப்தி. மருந்து கொடுக்கிறவரே "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நமது ஆட்கள் "நல்லா இருக்குங்க ஐயா" என்றுதான் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்லும் பதில். ஆகவே மருந்து கொடுக்காத ஒருவர், தமிழில், அவசரமில்லாமல் கேட்க வேண்டும்.

"பிரசர் குறைகிறதா என்பதே முக்கியம், திருப்தி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். தகரப் பெட்டியில் கிடக்கும் மாத்திரை யாருடைய பிரசரையும் குறைக்காது. ஏன் அது பெட்டியில் கிடக்கிறது என்பது, எடுக்காதவரைக் கேட்டால்தான் தெரியும்.

எனவே நாம் கேட்பது இவைதான். கிளினிக்கில் ஆண்டுக்கு இரண்டு தடவையாவது இந்த விசாரிப்பு நடக்க வேண்டும். மருந்து உறையில் தமிழ் வேண்டும். கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக்கூடாது. கொழுந்து மலைக்குப் பக்கத்தில் மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். பக்கத்து வீட்டார் மாத்திரையை வாங்கிப் போடவும் வேண்டாம். உங்களுக்குள்ள கஷ்டத்தை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லத் தயக்கமாக இருந்தால் மாதர் சங்கத் தலைவியைக் கூட்டிப் போங்கள். தோட்டத் தலைவர்மார் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுக்க வேண்டும்.