நம் மலைகளைப் பற்றி நம்மைக் கேட்டார்களா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் அவற்றை ஒட்டிய ஊர்களையும் எவ்வாறு பாதுகாப்பது என்பது குறித்து, மத்திய அரசு 2024 ஜூலை 31 அன்று ஒரு வரைவு அறிவிக்கை வெளியிட்டது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 56,825 சதுர கிலோமீட்டர் பரப்பைச் சூழலியல் நோக்கில் பாதுகாக்கப்பட வேண்டிய பகுதியாக அறிவிப்பதே அதன் நோக்கம். தமிழ்நாட்டின் பங்கு 6,914 சதுர கிலோமீட்டர், 135 கிராமங்கள். நீலகிரியும் அதில் உண்டு. ஆட்சேபமோ யோசனையோ உள்ளவர்கள் 60 நாட்களுக்குள் புது டில்லி ஜோர் பாக் சாலையிலுள்ள சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதலாம் என்று சொல்லப்பட்டது. நம் பங்குகளில் எத்தனை பேருக்கு இச்செய்தி வந்து சேர்ந்தது?

இது ஆறாவது வரைவு. 2014, 2015, 2017, 2018, 2022 ஆகிய ஆண்டுகளிலும் இதே அறிவிக்கை வந்தது, ஒவ்வொரு முறையும் கருத்துக் கேட்கப்பட்டது. இத்தனைக்கும் இந்தக் கதை தொடங்கியதே நம் மாவட்டத்தில்தான். 2010 பிப்ரவரியில் கோத்தகிரியில் கூடிய சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கூட்டத்திற்கு அப்போதைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்திருந்தார். அதைத் தொடர்ந்து மாதவ் காட்கில் தலைமையில் வல்லுநர் குழு அமைந்தது. எந்த ஊர் எந்த மண்டலத்தில் வர வேண்டும் என்பதை உள்ளாட்சி அமைப்புகளோடும் கிராம சபைகளோடும் பேசியே முடிவு செய்ய வேண்டும் என்பது அக்குழுவின் அடிப்படைக் கருத்து. அந்த அறிக்கை 2011 ஆகஸ்டில் அரசிடம் தரப்பட்டது. மக்கள் கைக்கு வந்ததோ 2012 மே மாதத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு, வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்ற பிறகு. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு எல்லை வகுத்தது. வரைவு அறிவிக்கைகள் அந்த வழியில்தான் வந்தன.

விவிலியத்தில் இதைப் போன்ற ஒரு "பொதுமக்கள் கூட்டம்" உண்டு. 1 அரசர்கள் 21-ஆம் அதிகாரத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு மன்னன் கேட்கிறான். அதற்கு ஈடாக வேறு தோட்டமோ பணமோ தருவதாகவும் சொல்கிறான். நாபோத்து மறுக்கிறான். பின்பு ஈசபேல் என்ன செய்தாள்? முத்திரையிட்ட கடிதம் அனுப்பினாள். நோன்பு அறிவிக்கச் செய்தாள். மக்களைக் கூட்டி நாபோத்தை முன்வரிசையில் அமர்த்தினாள். சாட்சிகளும் இருவர் வந்தனர். முறைப்படி எதுவும் குறையவில்லை. முடிவு மட்டும் கூட்டத்திற்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தது! நம் அரசை ஈசபேலோடு ஒப்பிடுவது நம் நோக்கமல்ல. வரைவின் நோக்கமே நல்லதுதான். ஆனால் கேட்பது வேறு, கேட்டதாகக் கணக்குக் காட்டுவது வேறு.

அந்த 60 நாட்களையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகிறது. ஜூலை 31-இல் தொடங்கிய கெடு செப்டம்பர் இறுதியில் முடிந்தது. இடையே வந்த வழக்கமான கிராம சபை நாள் ஆகஸ்ட் 15 ஒன்றுதான். அடுத்தது அக்டோபர் 2, அதற்குள் கெடு கடந்துவிட்டது. மேலும் நீலகிரியில் கிராம ஊராட்சிகள் 35 மட்டுமே. பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் வாழும் மக்களுக்குக் கிராம சபை என்பதே கிடையாது. மொழி பெரிய தடையாகாது என்று சொல்வோருக்கு ஒரு செய்தி: 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் தர வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, அதை எதிர்த்து மத்திய அரசு உச்ச நீதிமன்றம் சென்றது.

பக்கத்துக் கேரளத்தில் நடந்ததையும் நாம் பார்க்க வேண்டும். 2013-இல் இடுக்கி போன்ற மலை மறைமாவட்டங்களில் குடியேறிய விவசாயிகள் தங்கள் நிலம் பறிபோகும் என்று அஞ்சினர். திருச்சபை அவர்களோடு நின்றது. கேரள அரசு ஒரு குழுவை அமைத்து ஊர் ஊராகக் கேட்டது. விளைவாக, 2014-ஆம் ஆண்டு வரைவில் கேரளத்தின் பரப்பு 13,108-இலிருந்து 9,993 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. தமிழ்நாட்டின் எண்ணிக்கை அப்படியே நின்றது. உரக்கப் பேசியவர்களுக்குச் செவி கிடைத்தது என்பதே இதன் பொருள். ஆனால் அந்நாட்களில் தாமரசேரியில் வனத்துறை அலுவலகம் எரிக்கப்பட்டதும் உண்மை. வரைவில் தடை செய்யப்பட்டவை சுரங்கம், கல்குவாரி, மணல் அள்ளுதல், அனல் மின் நிலையம், பெருங்கட்டடங்கள் போன்றவை. விவசாயம் அந்தப் பட்டியலில் இல்லை, இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கவும் தடையில்லை. வரைவைப் படித்துச் சொல்ல ஆளில்லாத ஊரில் வதந்திதான் படித்துச் சொல்லும். ஆறாவது வரைவுக்கு முந்தின நாள், 2024 ஜூலை 30 அதிகாலையில்தான் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு விழுங்கியது. கூடலூரிலிருந்து அது தொலைவு அல்ல. நாமும் 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரை நிலச்சரிவில் இழந்தவர்களே. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதைக் கண்டவர்களே.

காந்தல் போன்ற நகரப் பங்கில் இருப்பவர்கள், "காட்டுக்கும் நமக்கும் என்ன?" என்று கேட்கலாம். உதகைக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலி காட்டுக்குள்தான் இருக்கிறது. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் சீகையும் கற்பூர மரமும் நட்டபோது யாரையும் கேட்கவில்லை. இப்போது அவற்றை அகற்றும்போதாவது கேட்க வேண்டாமா? டான்டீ தோட்டங்களின் நிலையும் இதுவே. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மக்களுக்காக உருவான தோட்டங்கள் அவை. 2022-இல் அவற்றில் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கு ஒப்படைக்க மாநில அரசு உத்தரவிட்டது. காடு திரும்புவது நல்லதே. ஆனால் லயன் வீடுகளில் முதுமை அடைந்தவர்கள் எங்கே போவார்கள் என்பதை, அவர்களோடு அமர்ந்து பேசி எழுதியிருக்க வேண்டும். உள்ளூர் மக்களுக்கு இத்தகைய முடிவுகளில் தனி இடம் வேண்டும் என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 183-ஆம் பத்தியில் வலியுறுத்துகிறார்.

நம்மிடம் அன்பியங்கள் இருக்கின்றன. பத்துப் பதினைந்து குடும்பங்கள் மாதந்தோறும் கூடும் இடம் அரசிடம்கூட இல்லை. அடுத்த அறிவிக்கை வரும்போது, ஆங்கிலம் அறிந்த இளையோர் இருவர் அதைத் தமிழில் இரண்டு பக்கமாக்கி அன்பியத்தில் வாசிக்கலாம். "திட்டத்தை எதிர்க்கிறோம்", "ஆதரிக்கிறோம்" என்று ஒரே வரியில் எழுதும் மனுவுக்கு மதிப்புக் குறைவு. எந்த ஊர், எந்தச் சரிவில் மண் இறங்கியது, எந்தக் குவாரி ஓடைக்கு மேல் இருக்கிறது, எந்தத் தோட்டத்தில் எத்தனை குடும்பங்கள் பட்டா இல்லாமல் இருக்கின்றன என்று எழுத வேண்டும். இவை செயற்கைக்கோளுக்குத் தெரியாத செய்திகள். ஒரு நகல் மாவட்ட ஆட்சியருக்கு. அசல் ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு. கிராம ஊராட்சியில் வாழ்வோர் அதையே கிராம சபையில் தீர்மானமாகவும் பதியச் செய்யலாம். ஆகஸ்ட் 15 மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. காலைத் திருப்பலி முடிந்து கொடியேற்றிய பின்னும் கிராம சபைக்குச் செல்ல நேரம் இருக்கும்.