முதல் பலி டி-ஷர்ட்

ஐ.ஐ.டி.யோ கலைக் கல்லூரியோ, வளாகத்தின் பொதுப் பட்டறைக்கு எம்ப்ராய்டரி மிஷின் வந்தால் புது மாணவர் இருப்பதிலேயே நல்ல டி-ஷர்ட்டைத்தான் எடுத்துவருகிறார். லோகோவுக்கு 5,000 தையல் சாதாரணம். வளையத்தில் இழுத்து மாட்டிய பனியன் துணி, கழற்றியதும் சுருங்கும், தையல் சுருங்காது. வட்டம் முட்டையாகிவிடும். இழுக்காமல் மாட்டி, அடியில் பேக்கிங் வைக்க வேண்டும். பனியனுக்குக் கிழித்தெடுக்கும் ரகம் உதவாது, ஓரத்தை வெட்டியெடுக்கும் ரகமே சரி.

மிஷினுக்குப் படம் புரியாது. ஊசி எங்கே இறங்க வேண்டும் என்ற கணக்குதான் புரியும். படத்தைக் கணக்காக்கும் வேலைக்குப் பெயர் 'பஞ்சிங்'. தானாகவே பஞ்சிங் செய்வதாகச் சொல்லும் மென்பொருளைப் பழைய துணியில் சோதிப்பது நல்லது. நூல் அறுந்துகொண்டே இருந்தால் மேல்நூலை மறுபடி கோர்த்துப் பார்க்கலாம். வளைந்த ஊசியை மாற்றாமல் நழுவுகிறவர்கள்தான் பெரிய தொல்லை. வரிசையில் அடுத்தவர் கையிலும் ஒரு நல்ல டி-ஷர்ட் இருக்கிறது.