கூட்ஸ் வண்டி சுற்றிப் போகும் பாதை

எங்கள் சேதராப்பட்டில் ரயில் கிடையாது. தொழிற்பேட்டை உண்டு, லாரிகள் உண்டு, லாரிகள் கிளப்பும் புழுதி தாராளமாகவே உண்டு. "இந்தச் சரக்கையெல்லாம் ரயிலில் அனுப்பினால் என்ன?" என்று வகுப்பில் ஒரு நாள் பேச்சு வந்தது. அனுப்பலாம்தான். ஆனால் வடக்கே போகிற கூட்ஸ் வண்டி சென்னைக்குள் நுழைய வேண்டியதில்லை. விழுப்புரம், திண்டிவனம் தாண்டிச் செங்கல்பட்டில் பிரிந்து, காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போய்விடும். சென்னைக்கு ரயில் பைபாஸ் அதுதான். இந்தப் பாதையைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வேடிக்கை என்னவென்றால், இதைப் பைபாஸ் என்று யாரும் போடவில்லை. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை வந்தது. அதில் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு கிளை. 1865-ல் அதைப் போட்டது இந்தியன் டிராம்வே கம்பெனி. பெயரிலேயே டிராம்வே! தண்டவாளங்களுக்கு இடையே மூன்றரை அடிதான். செலவைக் குறைக்கத்தான் அந்தக் குறுகல். 1874-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனியோடு சேர்ந்தது. பிறகு அதையே மீட்டர் கேஜாக மாற்றிச் செங்கல்பட்டு வரை நீட்டினார்கள். அதே காலத்தில், 1879-ல்தான் நம் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கும் விழுப்புரத்திலிருந்து மீட்டர் கேஜ் வந்து சேர்ந்தது.

வரைபடத்தில் அப்போதே இது பைபாஸ் மாதிரிதான் தெரியும். ஆனால் அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் அகலப்பாதை, இந்தப் பக்கம் மீட்டர் கேஜ். மூட்டையை இறக்கி வேறு வேகனில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். தெற்கே பிரதான பாதையும் இந்தக் கிளையும் அகலப்பாதையாக மாறிய பிறகுதான் ஒரே வேகன் நிற்காமல் போக முடிந்தது. புதுச்சேரி பாதைக்கு அந்த மாற்றம் 2004-ல் வந்தது.

லாபம் யாருக்கு என்று பாருங்கள். அரக்கோணத்திலிருந்து சென்னைக்குள் புகுந்து செங்கல்பட்டு வர ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இந்த வழியில் சுமார் 68. தூரம் பாதி என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தாம்பரம் - கடற்கரை தடத்தில் சில நிமிடங்களுக்கு ஒரு மின்சார ரயில் ஓடுகிறது. காலை எட்டரை மணிக்கு அங்கே ஒரு கூட்ஸ் வண்டியை விட்டால் என்ன ஆகும் என்று தாம்பரத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள் :)

நோகிறவர்கள் வேறு ஆட்கள். இது இன்னமும் ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் பாலூரிலோ வாலாஜாபாத்திலோ திருமால்பூரிலோ ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும். வாலாஜாபாத்தில் கார்களை வேறு ரயிலில் ஏற்றுகிறார்கள். முக்கால் கிலோமீட்டர் நீள கூட்ஸ் வண்டி கடக்கும்வரை கேட் திறக்காது. காஞ்சிபுரம் மாதிரி ஓர் ஊருக்கு ஓடுகிற பயணிகள் ரயில்களோ கொஞ்சம்தான். கேட்டால் "எல்லாரும் பஸ்ஸில் போகிறார்கள்" என்பார்கள். வண்டி விட்டால்தானே ஏறுவார்கள்? 2019-ல் கடற்கரை, அரக்கோணம், காஞ்சிபுரம், தாம்பரம் என்று சுற்று ரயில் விட்டார்கள். அதற்கே தக்கோலம் - அரக்கோணம் இடையே பாதையை விலக்கிப் போட வேண்டியிருந்தது. பக்கத்தில் கடற்படையின் ராஜாளி விமான தளம். ஓடுபாதை அருகே மின்கம்பி இழுக்க முடியாது.

என் கட்சி இதுதான்: புதுப் பாதை அறிவிப்பதற்கு முன் இதை இரட்டைப் பாதையாக்க வேண்டும். திண்டிவனம் - நகரி பாதை, 184 கிலோமீட்டர், 2006-07-ல் ஒப்புதல் பெற்றது. அதுவும் சென்னையைச் சுற்றிப் போவதுதான். மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் போகும் 179 கிலோமீட்டர் பாதைக்கு 2008-09-ல். இரண்டிலும் ரயில் ஓடவில்லை. ஓடுகிற பாதைக்குப் பணம் போட்டால் கூட்ஸும் போகும், காஞ்சிபுரத்துக்காரரும் போவார்.

"உனக்கென்ன அதில்?" என்று கேட்கலாம். சேதராப்பட்டு - கரசூரில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்காகச் சுமார் 750 ஏக்கர் எடுத்துப் பல வருடம் சும்மா கிடந்ததை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அங்கே ஆலை வந்தால் சரக்கும் வரும். ஒரு முழு கூட்ஸ் வண்டிக்கு நாற்பது வேகனுக்கு மேல், ஏறத்தாழ 2,500 டன் வேண்டும். இருபது டன் லாரி என்றால் 125 லாரி. எங்கள் சின்னத் தொழிற்சாலைகள் எதுவும் தனியாக அதை நிரப்ப முடியாது. பல பேர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் கன்டெய்னர் யார்டு ஒன்று திண்டிவனம் பக்கம் வேண்டும். அங்கே ஏற்றிய பெட்டி செங்கல்பட்டில் ஒற்றைப் பாதை காலியாகும்வரை காத்துக் கிடந்தால், முதலாளி மறுபடி லாரிக்காரருக்குத்தான் போன் போடுவார்.