ஜவ்வரிசி தராத ஜவ்வரிசிப் பனை



நம் கல்லூரி நுழைவாயிலின் இரண்டு பக்கமும் 'சாகோ பாம்' வைக்கலாம் என்று இந்த ஆண்டு சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பெரிய வீட்டு வாசல்களில், பருத்த கட்டையான தண்டின் மேல் பச்சைக் குடை விரித்தாற்போல் நிற்கிறதே, அதேதான். "ஜவ்வரிசி மரம்டா, பாயசத்துக்கு ஆகும்" என்று ஒரு நண்பர் சொல்ல, கூட்டமே சிரித்தது. எனக்கு அது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாகப் படவில்லை. செடியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெயரை நம்பி வைக்காதீர்கள் என்கிறேன்.

ஜவ்வரிசி என்ற சொல்லே 'ஜாவா அரிசி'யிலிருந்து வந்தது என்பார்கள். இந்தோனேசியா, மலேசியா, நியூகினி பக்கத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் உண்மையான சாகுப் பனையின் தண்டுச் சோற்றிலிருந்து மாவு எடுத்து அதைச் செய்தார்கள். நம் வீட்டுப் பாயசத்தில் மிதப்பதோ சேலத்துச் சரக்கு, மரவள்ளிக் கிழங்கு மாவு. இரண்டாம் உலகப்போர் நாட்களில் வெளிநாட்டுச் சரக்கு வராமல் நின்றபோது அங்கே வேர்பிடித்த தொழில் அது. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது, 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாசலில் நிற்கும் செடிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பனையே இல்லை! சைகஸ் ரெவல்யூட்டா என்ற தென் ஜப்பான் செடி. பூவே பூக்காத இனம். பனையை விட ஊசியிலை மரங்களுக்குத்தான் கிட்டத்துச் சொந்தம். ஆண் செடி தனி, பெண் செடி தனி.

இதன் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் சைக்கசின் என்ற நஞ்சு உண்டு. விதையில் மிக அதிகம். அந்த விதையோ ஆரஞ்சும் சிவப்பும் கலந்து, பார்த்தால் பழம் மாதிரி இருக்கும். தின்றால் வாந்தி, பிறகு ஈரல் கெடும். ஓரிரண்டு விதை கடித்த நாய்கூடச் செத்துப்போகலாம். ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்துச் செடிகளை மேய்ந்த மாடுகளுக்குப் பின்னங்கால் விளங்காமல் போனது நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி.

அப்படியும் மனிதன் இதைத் தின்றிருக்கிறான். பசிதான் காரணம். 1920-களில் சர்க்கரை விலை விழுந்து ஒகினாவா தீவே பஞ்சத்தில் கிடந்தபோது, ஏழைகள் இந்தச் செடியின் தண்டையும் விதையையும் நஞ்சு நீக்கிச் சாப்பிட்டார்கள். சரியாக நீங்காமல் செத்தவர்களும் உண்டு. அந்தக் காலத்துக்கே 'சொதெட்சு நரகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொதெட்சு என்றால் இந்தச் செடிதான். கேரளத்தில் மலபார் பக்கம் இதன் உறவான ஈந்து மரத்தின் விதையைக் காயவைத்து, ஊறவைத்து மாவாக்குகிறார்கள். அது பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிக்கொடுத்த பக்குவம். நம் ஊரில் யார் வீட்டில் அந்தப் பக்குவம் இருக்கிறது?

நம் ஊரில் இருப்பது ஆடு. தோலை நம்பிப் பிழைக்கிற ஊரில் ஆட்டுக்கா பஞ்சம்? எங்கள் தெருவில் ஆடும் கோழியும் தவழும் பிள்ளையும் ஒரே வாசலில்தான் கிடக்கும். எலி மருந்துப் பாக்கெட்டில் அபாயக் குறி போடுகிறார்கள். இந்தச் செடியை விற்கிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டாவது கட்டித் தந்தால் என்ன?

சரி, வளர்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். இது தாகத்தால் சாவதைவிட அதிகத் தண்ணீரால் சாவதுதான் அதிகம். அடியில் ஓட்டை உள்ள தொட்டி, செம்மண்ணோடு நிறைய மணல், கொஞ்சம் மக்கிய எரு போதும். மேல்மண் காய்ந்த பிறகுதான் ஊற்றவேண்டும். புது இலை பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறை, கொத்தாக வரும். அந்தச் சமயம் தொட்டியை நகர்த்தாதீர்கள். பச்சை இலையை அழகுக்காக வெட்டவும் வேண்டாம். இலையடியில் முள் உண்டு, கை பத்திரம். இலையில் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளை படிந்தால் அது செதிள் பூச்சி. தேய்த்துக் கழுவி வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம். பக்கக் கன்றைப் பிரித்தால் வெட்டுக்காயம் ஆற நாலைந்து நாள் நிழலில் போட்டுவிட்டு நடுங்கள்.

நமக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர்! தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்ற ஊற்ற இலை நுனி கருகும். காரம் ஏறிய மண்ணில் மாங்கனீசு சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. புது இலை மஞ்சளாகச் சுருண்டு வரும். அப்போது கொஞ்சம் மாங்கனீசு சல்பேட் கொடுக்கலாம். மழைத்தண்ணீரைப் பிடித்து ஊற்றினால் இன்னும் நல்லது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். திருமலைச் சரிவுகளில் சைகஸ் பெட்டோமி என்று இதற்கு ஒரு தங்கை இருக்கிறாள். அந்த மலைப்பக்கம் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. சும்மா கிடைக்கிறதே என்று அங்கே போய் யாரும் தோண்டிவிடாதீர்கள்; அழியும் நிலையில் உள்ள இனம் அது.

நம் நுழைவாயிலுக்கு என் ஓட்டு இல்லை. வாட்ச்மேன் அண்ணன் பிள்ளைகள் விளையாடுகிற இடம் அது, கேட் திறந்திருந்தால் ஆடும் வரும். மாடிப்படிக்குப் பக்கத்தில், மொட்டைமாடி மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்க்குக் கிட்டே, உயரமான தொட்டியில் ஒன்றே ஒன்று வைக்கலாம். தொட்டியில் ஒரு தகரப் பலகை: "சைகஸ். விஷச் செடி. வாயில் வைக்காதே." எழுதித் தர நான் தயார். பெயின்ட்டுக்கு மட்டும் சங்கம் காசு கொடுக்கட்டும்.