மீன் எங்கே?

சென்னை சுற்றுலா போய் வந்தவங்க எல்லாரும் ஆசையா போட்டோ காட்டினீங்க. நன்றி. எங்க வகுப்பில் வராதவங்க பதினோரு பேர். பணம் கட்ட முடியாதவங்க, காய்ச்சலில் படுத்தவங்க, வீட்டில் அனுப்பாதவங்க. அதில் நானும் ஒருத்தி. அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

ஈஞ்சம்பாக்கத்தில் 2019-ல் திறந்த வி.ஜி.பி. மரைன் கிங்டத்துக்குப் போனீங்க. தலைக்கு மேலேயே மீன் நீந்துற சுரங்கம் இருக்காமே! ஆனா டீச்சரிடம் போன் வாங்கி நீங்க எடுத்த படத்தில் நான் பார்த்தது செல்பி, செல்பி, குரூப் போட்டோ. மிச்சத்தில் நடுவே ஒரு வெள்ளை வட்டம். "மீன் எங்கடி?"ன்னு கேட்டா, "அந்த வெளிச்சத்துக்குப் பின்னாடிதான் இருந்துச்சு"ன்னு பதில். உங்க முகத்தை தினமும் பிரேயரில் பார்க்கிறோமே! 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போனவங்க, இறங்காதவங்களுக்கு மீனைக் கொண்டு வர வேண்டாமா?

இது பெரிய வித்தை இல்லை. ராத்திரி சேலத்திலிருந்து மலை ஏறும்போது பஸ்ஸுக்குள் லைட் எரிந்தால் ஜன்னல் கண்ணாடியில் நம்ம முகம்தான் தெரியும். இரண்டு கையையும் கண்ணோரம் மறைச்சு, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிப் பாருங்க. கீழே சேலத்து விளக்கெல்லாம் தெரியும். மீன் தொட்டியும் அதே கதைதான். பிளாஷை அணைச்சிட்டு, போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைக்கணும். கைரேகை இருந்தால் கைக்குட்டையால் துடைக்கணும். ஒருத்தி பின்னாடி நின்று கறுப்புத் துப்பட்டாவை விரிச்சுப் பிடிச்சா இன்னும் நல்லது. சாய்வா எடுக்காதீங்க. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33-ன்னு மனப்பாடம் பண்றோமே, அது இங்கேதான் வேலை செய்யும். நேரா பார்த்தாலே நாலு அடி தள்ளி இருக்கிற மீன் மூணு அடியில் தெரியும். சாய்ச்சால் நசுங்கி, ஓரமெல்லாம் கலர் பிரிஞ்சு போகும்.

மீன் பின்னாடி ஓடவும் வேண்டாம். பல மீன்கள் சுத்தின இடத்தையே சுத்தும், காத்திருந்தால் தானா வரும். கண் தெளிவா விழணும். பெரும்பாலான மீன்களுக்கு இமை கிடையாது. கண்ணை மூடிக்க வழியில்லாத உயிர் மேல் லைட் அடிக்கிறதும் கண்ணாடியைத் தட்டுறதும் எனக்கு நியாயமாப் படலை.

இன்னொன்று, பெயர்ப் பலகையையும் ஒரு படம் எடுங்க. இல்லைன்னா ஏற்காடு வந்ததும் எல்லாமே 'கலர் மீன்'தான்!

சென்னை மெரினாவில் 1909-லேயே மீன் காட்சியகம் திறந்தாங்க. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அதை மூடிட்டாங்க. அங்கே போனவங்களிடம் போன் இல்லை, பார்த்ததை வாயால்தான் சொல்லியிருப்பாங்க. நீங்க அதைக்கூடச் சொல்லலையே!

"ஜாலியா போன இடத்திலும் பாடமா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. குரூப் போட்டோவை வாசலில் எடுத்துக்கோங்க. ஆசிரியர்களும் உள்ளே "சீக்கிரம், சீக்கிரம்"னு விரட்டாமல் கொஞ்சம் கூடுதல் நேரம் தரணும்.

அடுத்த வருஷம் ராமேஸ்வரம்னு பேச்சு அடிபடுது. வழியில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன் காட்சியகம் இருக்கு. இந்தச் சுவரில் வலது பக்கம் பத்து படத்துக்கு இடம் விடச் சொல்லியிருக்கேன். கடல் குதிரை இருந்தால் அதுக்கு முதல் இடம்.

- ஒரு பத்தாம் வகுப்பு மாணவி