'கெட் ஓவர்' என்னும் இரு சிறு சொற்கள்

ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் சேர்ந்து முற்றிலும் புதிய பொருள் தருவதுண்டு. 'கெட்' என்றால் பெறு. 'ஓவர்' என்றால் மேலே. இரண்டும் இணைந்த 'கெட் ஓவர்' என்பதற்கோ, துன்பத்தைக் கடந்து மீளுதல் என்று பொருள்.

காய்ச்சல் தேறினாலும், மேடைக் கூச்சம் தெளிந்தாலும், தோல்வியால் வந்த வருத்தம் ஆறினாலும் ஆங்கிலேயருக்கு இந்த ஒரு சொல்லே போதும். தமிழிலோ தேறுதல், தெளிதல், ஆறுதல் எனத் தனித்தனிச் சொற்கள் உள்ளன. தேர்வில் தேறினால் 'கெட் த்ரூ'. சாவின் விளிம்பிலிருந்து பிழைத்தால் 'புல் த்ரூ'. இருப்பதைக் கொண்டு காலம் தள்ளினால் 'கெட் பை'. இவற்றை மாற்றி எழுதினால் பொருளும் மாறிவிடும்.

ஆனால் மதிப்பெண்ணைவிடப் பெரிய காரியம் ஒன்று இதில் உண்டு. 'நான் அதைக் கடந்து வந்தேன்' என்று ஒருத்தி தன்னைப் பற்றிக் கூறும்போது இச்சொல் அழகாக ஒலிக்கிறது. அதையே 'கெட் ஓவர் இட்' என்று பிறருக்குக் கட்டளையாகக் கூறும்போது, 'போதும் உன் அழுகை' என்ற கடுமை வந்துவிடுகிறது. தந்தையை இழந்த தோழியிடம் இதைச் சொல்லலாமா? கூடாது என்பதே என் கருத்து.

அமெரிக்க ஓட்ட வீராங்கனை வில்மா ருடால்ஃப் சிறுவயதில் போலியோவால் தாக்கப்பட்டார். அவருடைய தாயார் அவரைச் சிகிச்சைக்காக வாரந்தோறும் பேருந்தில் நாஷ்வில் நகருக்கு அழைத்துச் சென்றார். உடன்பிறந்தோர் வீட்டில் அவர் காலைத் தேய்த்துவிட்டனர். அவரே 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். அவரை மீட்டது கட்டளையன்று. பல கைகளின் பொறுமை.

நம் ஆண்டவர் இயேசுவும், இலாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும், மரியாவின் கண்ணீரைக் கண்டு தாமும் அழுதார். 'அழாதே, மறந்துவிடு' என்று அவளை அதட்டவில்லை.

எனவே தோழியரே, 'கெட் ஓவர்' என்பதை நம் சோம்பலுக்கும் அச்சத்துக்கும் தாராளமாகச் சொல்லிக்கொள்வோம். பிறர் துயரைக் கண்டால் அச்சொல்லை விடுத்து, அவள் அருகில் சென்று அமர்வோம். காலம் வரும்போது அவள் தானே எழுவாள்.

— பத்தாம் வகுப்பு மாணவி